செயலி வாணிகமும் வாங்குவோர் பெயரும்

கைப்பேசியில் இயங்கும் சிறு மென்பொருளைச் 'செயலி' என்னும் சொல்லால் இன்று வழங்குகின்றோம். நிறுவனம் எதனையும் சாராது, தனியொருவராக இருந்து செயலி ஆக்கி, அதனை விற்று வாழ முயன்றோர் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும். அவர்களைத் தனியாக்குநர் எனக் குறிப்போம். இவ்வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 2008-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாளிலிருந்தே தொடங்குவர். ஆப்பிள் நிறுவனத்தின் ஆப் ஸ்டோர் என்னும் அங்காடி திறக்கப்பெற்ற நாள் அது. அந்நாளுக்கு முன் தனியாக்குநர்க்கு வழியே இல்லை என்றும், அன்று வழி பிறந்தது என்றும், பின்னர்ச் செயலிகள் பெருகியமையால் விலை வீழ்ந்து அவ்வழி அடைபட்டது என்றும் அவர்கள் கூறுவர். இக்கூற்று முழுதும் பிழையன்று. ஆயினும், செயலிகள் பெருகின என்பது காரணத்தின் ஒரு பகுதியே. தன் பொருளை வாங்கியோர் யாவர் என்பதனை ஆக்கியோன் அறிய இயலாத நிலை 2008-இல் தோன்றிற்று. தனியாக்குநர் தம் பொருளை விளம்பரப்படுத்திய முறையையும் அதனால் பெற்ற ஊதியத்தையும் பெரிதும் மாற்றியது அந்நிலையே என்பது எம் கருத்து. அதனை ஈண்டு நிறுவ முயல்வோம்.

இவ்வினா எமக்குப் பதிப்பு வரலாற்றைப் பயிலுங்கால் எழுந்தது. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் வெளியிடுமுன், நூலை வாங்க இசைந்தோரிடம் கையொப்பம் பெற்றார் என்பது நாம் நன்கறிந்த செய்தி. கையொப்பமிட்டோர் யார், எவ்வூரினர் என்பது பதிப்பாசிரியர்க்குத் தெரியும். அண்மையில் முதுகலை வகுப்பொன்றில், தாம் நாள்தோறும் பயன்படுத்தும் செயலிகளுள் ஏதேனும் ஒன்றனை ஆக்கியோன் பெயரைக் கூறுமாறு மாணவரைக் கேட்டோம். ஒருவரும் கூறிலர். பயன்படுத்துவோர் ஆக்கியோனை அறியார் என்பது வியப்பன்று. ஆக்கியோனும் அவர்களை அறியான் என்பதே பின்னர் எமக்கு வியப்பளித்தது. நூலையும் செயலியையும் இதற்குமேல் ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும், வினா அங்கிருந்துதான் பிறந்தது.

தனியொருவர் மென்பொருள் ஆக்கி விற்கும் வழக்கம் கைப்பேசிக்கு மிகவும் முற்பட்டது. அமெரிக்க நாட்டில் 1982-ஆம் ஆண்டில், ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே முறையைக் கண்டனர். ஒருவர் ஆண்ட்ரூ ஃபுளூகெல்மன். கணிப்பொறி இதழொன்றன் ஆசிரியராகவும் விளங்கிய அவர், பிசி-டாக் என்னும் நிரலை எழுதி, வேண்டுவோர் படியெடுத்துக் கொள்ளலாம், பயன் கண்டோர் பணம் அனுப்பலாம் என்று அறிவித்தார். மற்றவர் ஐபிஎம் நிறுவனத்தில் பணிபுரிந்த ஜிம் நாஃப். 'நாஃப்' என்பது பொத்தானைக் குறிக்கும் செருமானியச் சொல்லாதலின், அவர் ஜிம் பட்டன் என்னும் புனைபெயரால் வழங்கினார்.

நாஃப் என்பாரின் செய்தி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. தம் ஊர்த் திருச்சபையினர்க்கு அஞ்சல் முகவரித் தாள்களை அச்சிடும் பொருட்டே அவர் தம் நிரலை முதற்கண் எழுதினார். நண்பர் சிலர் அதனைப் பெற்றனர். அவர்தம் நண்பர் பெற்றனர். பிழை திருத்திய புதிய பதிப்பு ஆயத்தமாகும்போதெல்லாம் அவர்கட்கெல்லாம் எழுதித் தெரிவிக்கும் செலவு பெருகிற்று. எனவே அவர், நிரலைப் பயன்படுத்துங்கள், பிறர்க்கும் கொடுங்கள், என் அஞ்சற் பட்டியலில் இடம்பெற விரும்பினால் மட்டும் 10 டாலர் அனுப்புங்கள் என்னும் பொருள்பட ஒரு செய்தியை நிரலுக்குள்ளேயே அமைத்தார். இதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நிரலுக்கு அவர் விலை கேட்கவில்லை. நிரல் முன்னரே கைக்கு வந்துவிட்டது. பட்டியலில் பெயர் எழுதப்பெறுவதற்கே அவர் பணம் கேட்டார். தனியாக்குநர் வாணிகத்தின் தோற்றுவாயில் வாங்குவோர் பெயரே விலைப்பொருளாக நின்றது எனல் மிகையன்று.

பின்னர் இருவரும் தொடர்பு கொண்டு, ஒருவர் நிரலை மற்றவர் நிரலில் சுட்டுவதென்றும், இருவரும் 25 டாலரே கேட்பதென்றும் உடன்பட்டனர். நாஃப் தம் நிரலின் பெயரைப் பிசி-ஃபைல் என மாற்றிக்கொண்டார். 1983-இல் இதழொன்றில் வெளிவந்த மதிப்புரையால் கடிதங்கள் குவிந்தன. 1984-இல் அவர் ஐபிஎம் பணியினின்றும் விலகினார். ஃபுளூகெல்மன் 1985-இல் காணாமற்போனார். அவர் முடிவு இன்றுவரை அறியப்பெறவில்லை.

இம்முறைக்கு 'ஷேர்வேர்' என்னும் பெயர் நிலைபெறக் காரணமானவர் பாப் வாலஸ். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தொடக்ககால ஊழியருள் ஒருவரான இவர், அதனை விட்டு நீங்கி, 1983-இல் பிசி-ரைட் என்னும் எழுத்துநிரலை வெளியிட்டார். இவர் செய்த புதுமை வேறு. பணம் செலுத்திப் பதிவு செய்துகொண்டோர்க்கு எண்ணிட்ட படி ஒன்றை வழங்கினார். அவர் அப்படியினின்றும் பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்க, பெற்றவரும் பதிவு செய்துகொண்டால், கொடுத்தவர்க்கு 25 டாலர் தரகு சேரும். வாங்குவோரே விற்போர் ஆயினர். இதுவும் பெயர்ப் பதிவேடு ஆக்கியோன் கையில் இருந்தமையாலன்றோ இயன்றது? யார் யார்க்குக் கொடுத்தார் என்பது அவ்வேட்டில் இருந்தது.

ஷேர்வேர் முறையில் பணம் செலுத்தாது பயன்படுத்தியோர் மிகப் பலர் என்பதனை மறைத்தல் வேண்டா. அம்முறையால் செல்வரானோர் சிலரே. வட்டுகளைப் படியெடுத்துச் சில டாலருக்கு விற்ற இடைநிலை வணிகர், அவ்விற்பனையில் ஆக்கியோனுக்கு ஒன்றும் தரும் கடப்பாடு உடையராயில்லை. இக்குறையை நீக்க எழுந்த வழிகளுள் சிறந்தது 1987-இல் டெக்சாசு மாநிலத்தில் ஸ்காட் மில்லர் கையாண்டது. தாம் இயற்றிய கிராஸ் என்னும் விளையாட்டின் முதற்பகுதியை எவரும் பெறுமாறு விடுத்து, எஞ்சிய பகுதிகளை அஞ்சல்வழி விற்றார். முதற்பகுதி விளம்பரம், பிற்பகுதி வருவாய். இவர் நடத்திய அப்போஜி வழியாகவும் பின்னர் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் (1993) வழியாகவும் இம்முறை உலகெங்கும் பரவிற்று. 2009-இல் புதுமை என்று போற்றப்பெற்ற 'உள்வாங்கல்' முறை இதன் மறுபிறப்பே என்பதனைப் பின்னர்க் காண்போம்.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். ஜப்பான் நாட்டு டோகோமோ நிறுவனம் 1999 பிப்பிரவரியில் ஐ-மோடு என்னும் சேவையைத் தொடங்கிற்று. அதன் ஏற்புப் பெற்ற உள்ளடக்கத்துக்கான கட்டணத்தைத் தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்த்துத் தண்டி, 9 விழுக்காட்டினைத் தன் பங்காக எடுத்துக்கொண்டு எஞ்சியதை உரியவர்க்கு வழங்கியது. 2001-இல் சிறு நிரல்களும் அதன் கைப்பேசிகளில் இயங்கலாயின. பங்கு சிறிதாயினும் வாயில் குறுகியது. ஏற்புப் பெற்ற பட்டியலில் இடம்பெறாதோர்க்கு அக்கட்டணத் தண்டல் வசதி இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொலைபேசி நிறுவனங்களோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் ஆற்றல் தனியொருவர்க்கு அரிதாயிருந்தது. கையடக்கக் கணிப்பொறிகட்கு மட்டும் ஷேர்வேர் வழக்கம் தொடர்ந்தது. அதுவே ஈரூழிகளையும் இணைக்கும் பாலம்.

ஐபோன் 2007 ஜூனில் விற்பனைக்கு வந்தது. முதலாண்டில் பிறர் எழுதிய நிரலுக்கு அதனில் இடமில்லை. 2008 மார்ச்சுத் திங்களில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப் ஸ்டோரின் விதிகளை அறிவித்தார். ஆக்குநர் ஆண்டுக்கு 99 டாலர் செலுத்துதல் வேண்டும். விலையை அவரே குறிக்கலாம். விற்பனையில் 70 விழுக்காடு அவர்க்கு, 30 விழுக்காடு ஆப்பிளுக்கு. ஜூலையில் ஏறத்தாழ 500 செயலிகளோடு அங்காடி திறந்தது. முதல் வாரவிறுதியிலேயே ஒரு கோடி முறை செயலிகள் இறக்கப்பெற்றன. கூகுள் நிறுவனத்தின் ஆண்டிராய்டு அங்காடி அவ்வாண்டு அக்டோபரில் திறந்து, 2009 பிப்பிரவரியில் விலைச்செயலிகளை ஏற்றது. அங்கு ஆக்குநர் ஒருமுறை 25 டாலர் செலுத்தினால் போதும்.

இவ்வங்காடிகள் தனியாக்குநர்க்குச் செய்த நன்மையைக் குறைத்துக் கூறுதல் நேர்மையன்று. நாஃப் காலத்து ஆக்குநர் வட்டு படியெடுத்தார், உறையிலிட்டார், காசோலையை வங்கியில் செலுத்தினார், வேற்று நாட்டார் பணத்தை மாற்ற இடர்ப்பட்டார். அத்தொல்லையெல்லாம் ஒருநாளில் நீங்கின. வாங்குவோர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆக்குநர்க்கு எந்நாட்டில் எத்துணைப் படிகள் விற்றன என்னும் கணக்கு நாள்தோறும் வந்தது. ஆனால் அக்கணக்கில் எண் இருந்தது, பெயர் இல்லை. வாங்குவோர் ஆப்பிளின் வாடிக்கையாளராயினர்; ஆக்குநரோ அவ்வங்காடிக்குச் சரக்களிப்போர் ஆயினர்.

தொடக்கத்தில் இவ்வேறுபாட்டை எவரும் பொருட்படுத்திலர். பொருட்படுத்தத் தேவையும் எழவில்லை. ஸ்டீவ் டெமெட்டர் என்பார் டிரிசம் என்னும் விளையாட்டினை 4.99 டாலர் விலைக்கு விற்று, இரண்டு திங்களில் 2,50,000 டாலர் ஈட்டினார். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஈத்தன் நிக்கலஸ், இரவில் தம் குழந்தையைப் பேணிக்கொண்டே ஐஷூட் என்னும் விளையாட்டை எழுதினார். 2008 அக்டோபரில் வெளிவந்த அது சில நாளில் பட்டியலினின்று வழுக்கிக் கீழிறங்கிற்று. 2009 ஜனவரியில் அவர் அதன் சுருங்கிய வடிவொன்றை விலையின்றி வெளியிட்டார். அச்சுருங்கிய வடிவு பரவ, விலையுள்ளது முதலிடம் பெற்றது. அவர் பணியைத் துறந்தார். இது மில்லர் கண்ட வழியே என்பது வெளிப்படை. ஆர்மின் ஹைன்ரிக் என்பார், செந்நிற மணி ஒன்றைத் திரையில் காட்டுவதன்றி வேறொன்றும் செய்யாத செயலியை 999.99 டாலருக்கு வைத்ததும், அகற்றப்பெறுமுன் எண்மர் அதனை வாங்கியதும் 2008 ஆகஸ்டில் நிகழ்ந்தன. அங்காடியில் எதுவும் விற்கும் என்று நம்பிய காலம் அது.

அந்நம்பிக்கையில் முதல் விரிசல் 2009 அக்டோபரில் தோன்றியது. லாரன் பிரிச்டர் என்னும் இளைஞர் தனியே ஆக்கிய ட்வீட்டி, டுவிட்டர்ச் செய்திகளைப் படிப்பதற்கு அந்நாளில் பெரிதும் பாராட்டப்பெற்ற செயலி. அதனை முழுதும் புதிதாக எழுதி, இரண்டாம் பதிப்பாக 2.99 டாலருக்கு அவர் விற்றார். முதற்பதிப்பை வாங்கியோர் சிலர், மீண்டும் முழுவிலை கொடுப்பதா எனச் சினந்தனர். பழைய மென்பொருள் வாணிகத்தில் இதற்கு விடை எளிது: முன்பு வாங்கியோர்க்குக் குறைந்த விலை, புதியோர்க்கு முழுவிலை. நாஃப் முதலாயினோர் இவ்வாறே செய்தனர். பிரிச்டர்க்கு அது இயலவில்லை. முன்பு வாங்கியோர் யாவர் என்பது அவர்க்குத் தெரியாது. அங்காடியும் அத்தகைய விலைமுறைக்கு இடந்தரவில்லை. ஆகவே, ஒரு செயலியை ஒருமுறை வாங்கியோர்க்கு எக்காலத்தும் திருத்தமும் புதுமையும் இலவசமாகச் செய்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு நிலைபெற்றது. 2010 ஏப்பிரலில் டுவிட்டர் நிறுவனமே ட்வீட்டியை விலைக்கு வாங்கிவிட்டமையால் பிரிச்டர் இவ்விடரினின்றும் விடுபட்டார். பிறர்க்கு அப்பேறு இல்லை.

பழைய வாங்குவோரிடம் மீண்டும் விற்க இயலாதெனின், நாள்தோறும் புதியோரைக் கண்டாக வேண்டும். புதியோரோ பட்டியலைப் பார்த்து வருவோர். பட்டியலில் மேலே நிற்பது மிகுதியாக விற்கும். மிகுதியாக விற்பது மேலே நிற்கும். எனவே விலையை 0.99 டாலராகக் குறைத்து, வருவாயை இழந்தேனும் வரிசையில் ஏறுதல் அறிவுடைமையாயிற்று. விலைவீழ்ச்சிக்குச் செயலிகளின் பெருக்கமே முதற்காரணம் என்பார், இவ்வரிசைப் பட்டியலின் வன்மையைக் கருதிலர். நூல்கள் பெருகிய காலத்தும் எல்லா நூலும் ஒரே விலைக்கு வீழ்வதில்லை. ஒரே பட்டியலின் முதற்பக்கமே கடையின் ஒரே வாயிலாயின் அவையும் வீழும்.

வரிசையை விலைக்கு வாங்கும் வழிகளும் தோன்றின. ஒரு செயலியை இறக்குவோர்க்கு வேறொரு விளையாட்டில் பரிசளிக்கும் முறை டேப்ஜாய் முதலிய நிறுவனங்களால் பரவிற்று. 2011 ஏப்பிரலில் ஆப்பிள் அத்தகைய செயலிகளை மறுக்கத் தொடங்கியது. நாளுக்கொரு செயலியைப் பரிந்துரைத்த ஆப்கிராட்டிஸ் என்னும் பிரெஞ்சுச் செயலி 2013 ஏப்பிரலில் அகற்றப்பெற்றது. தேடுவோர் கண்ணிற்படுமாறு பெயரிலேயே பல சொற்களை அடுக்கும் வழக்கமும் எழுந்தது. செயலிப் பெயரின் எல்லையை ஆப்பிள் 2016-இல் 50 எழுத்தாகவும் 2017-இல் 30 எழுத்தாகவும் குறுக்கியமை அதன் விளைவு. பெயர் சூட்டுதலும் வாணிக நுட்பமான கதை இது. சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோர் இதனைத் தனியே நோக்கலாம்.

2009 ஜூனில் செயலிக்குள்ளிருந்தே மேலும் ஒன்றை விலைக்கு வாங்கும் முறை வந்தது. முதற்கண் விலைச்செயலிகட்கு மட்டுமே இருந்த இவ்வுரிமை, அக்டோபரில் விலையில்லாச் செயலிகட்கும் விரிந்தது. இதனையே மேலே 'உள்வாங்கல்' என்றோம். முதற்பகுதி இலவசம், பிற்பகுதி விலை என்னும் 1987-ஆம் ஆண்டு முறை இங்ஙனம் திரும்பிற்று. ஆனால் மில்லரிடம் பிற்பகுதி வாங்கியோர் பெயரும் முகவரியும் அவர்க்குத் தெரியும். இங்கு அதுவும் இல்லை.

மற்றொரு வழி விளம்பரம். 2006-இல் ஓமர் ஹமூயி தொடங்கிய ஆட்மாப் நிறுவனத்தைக் கூகுள் 75 கோடி டாலருக்கு வாங்குவதாக 2009 நவம்பரில் அறிவித்தது. ஆப்பிள் 2010-இல் தொடங்கிய ஐஆட், வருவாயில் 60 விழுக்காட்டை ஆக்குநர்க்குத் தந்தும் நிலைபெறாது 2016-இல் மூடப்பெற்றது. விளம்பரத்தால் ஈட்டிய தனியாக்குநருள் உலகறிந்தவர் ஹனோய் நகரத்து டாங் நுயென். அவர் சில நாட்களில் எழுதிய ஃபிளாப்பி பேர்டு 2013 மே திங்களில் வெளிவந்து, எட்டுத் திங்கள் எவரும் நோக்காது கிடந்து, 2014 தொடக்கத்தில் திடீரென முதலிடம் பெற்றது. நாளொன்றுக்கு 50,000 டாலர் விளம்பர வருவாய் வருவதாக அவரே கூறினார். பிப்பிரவரியில் அதனை அவரே அகற்றினார். மக்கள் அதற்கு அடிமையாயினர் என்பது அவர் கூறிய காரணம். தம் செயலியை ஆடியோர் யார் என அறியாத ஒருவர், அவர்தம் நலங் கருதிப் பெருவருவாயைத் துறந்தமை இவ்வரலாற்றில் தனித்து நிற்கும் நிகழ்ச்சி.

அதே திங்களில் வெளிவந்த திரீஸ் என்னும் எண் விளையாட்டு இருவர் பதினான்கு திங்கள் உழைத்த பயன், அது விலையுள்ளது. அடுத்த திங்களே, அதனையொத்த 2048 என்னும் விளையாட்டை இத்தாலிய இளைஞர் ஒருவர் ஒரு வாரவிறுதியில் எழுதி, எவரும் எடுத்தாளுமாறு இலவசமாக வெளியிட்டார். பிறர் அதனைச் செயலியாக்கி விளம்பரத்தோடு அங்காடியில் நிரப்பினர். பின்வந்தோர் பலர் 2048-ஐயே மூலமென எண்ணி, திரீஸ் அதன் போலி என்றும் கருதினர். மூலமும் வழிநூலும் தலைமாறிய இந்நிகழ்ச்சியைத் தமிழாசிரியர்க்கு விளக்க வேண்டியதில்லை.

தனியாக்குநர் வாழ்வின் உண்மை நிலையைக் காட்டும் சான்று 2014 ஜூலையில் கிடைத்தது. பெருஞ்செல்வம் பெற்றோர் கதைகளே பேசப்பெற்ற காலத்தில், ஜாரெட் சின்கிளேர் என்பார் தம் கணக்கை ஒளிவின்றி வெளியிட்டார். அவர் ஆக்கிய அன்ரெட் என்னும் செய்தி வாசிப்புச் செயலி தோல்வியுற்றதன்று. மதிப்புரைகள் அதனைப் பாராட்டின. ஐபோன் வடிவால் 32,000 டாலரும், ஐபேட் வடிவால் 10,000 டாலரும் அவர்க்கு வந்தன. தற்றொழில் வரியாக 40 விழுக்காடும், மருத்துவக் காப்பீட்டுக்குத் திங்களுக்கு 350 டாலரும் கழித்தபின், ஓராண்டு உழைப்புக்கு அவர் கையில் நின்றது 21,000 டாலர். அஃதாவது திங்களுக்கு 1,750 டாலர். அமெரிக்க நாட்டில் திறன்மிக்க நிரலாளர் ஒருவர் பணிக்குச் சென்றிருப்பின் இதனினும் பன்மடங்கு பெறுவர்.

தொகையினும் அதன் வரவு முறையே நம் கருத்துக்குத் துணையாவது. வருவாயில் பெரும்பகுதி வெளியீட்டை அடுத்த சின்னாட்களிலேயே வந்து, பின் மெலிந்து ஒழுகிற்று. அச்சின்னாட்களில் வாங்கியோர் அச்செயலியை விரும்பியோர். அடுத்து அவர் ஆக்குவதையும் விரும்பக்கூடியோர். அவர்கட்கு ஒரு கடிதம் எழுத அவர்க்கு வழி இல்லை. நாஃப் தம் 10 டாலரைக் கேட்டதே அக்கடிதத்திற்காகத்தான். 2014 செப்டம்பரில் சின்கிளேர் அச்செயலியை வேறொரு சிறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். ஆக்கியோர்க்குப் பெயர் தெரிதல் அத்துணை நன்றோ? வாங்குவோர் அதனை விரும்புவரோ? இம்மறுப்பு வலிமையுடையது, சான்றும் உடையது. கூகுள் அங்காடியில் ஆப்பிளினும் வேறான முறை இருந்தது. அங்கு ஆக்குநரே விற்பவராகக் கொள்ளப்பெற்றமையால், வாங்கியோர் பெயரும் மின்னஞ்சலும் ஊரும் அவர்க்குச் சென்றன. 2013 பிப்பிரவரியில் ஆஸ்திரேலிய ஆக்குநர் ஒருவர் இதனைக் கண்டு, தமக்கு இவ்விவரம் வேண்டியதேயில்லை என்று பொதுமக்கட்கு வெளிப்படுத்தினார். தம் பெயர் முன்பின் அறியாதார் கைக்குச் செல்வதனை வாங்கியோர் அறிந்திலர், அறிந்தபோது அஞ்சினர். ஆதலின், பெயரை மறைத்த ஆப்பிளின் முறை ஆக்குநரை அடக்கும் சூழ்ச்சி என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. வாங்குவோர்க்கு அது காப்பாகவும் இருந்தது.

ஆயினும் இரண்டனையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். நாஃபின் பட்டியலில் இருந்தோர் தாமே விரும்பிப் பெயர் எழுதியவர். கூகுள் அங்காடியில் பெயர் சென்றது அவர் அறியாமலே. பெயர் ஆக்கியோனை அடைதல் என்னும் செயல் ஒன்றாயினும், கொடுத்தவர் இசைவு முன்னதில் உண்டு, பின்னதில் இல்லை. 2008 முதல் தனியாக்குநர் இழந்தது வாங்குவோர் பெயரை அறியும் உரிமையை அன்று. தாமாகப் பெயர் தர விரும்புவோரிடம் கேட்கும் வாய்ப்பை என்று எம் கருத்தினைத் திருத்தமாகக் கூறலாம்.

2016 ஜூனில் ஆப்பிள் சந்தா முறையை எல்லா வகைச் செயலிகட்கும் விரித்தது. ஒருவர் ஓராண்டுக்கு மேல் சந்தா தொடர்ந்தால் அங்காடியின் பங்கு 30-லிருந்து 15 விழுக்காடாகக் குறையும் என்றது. பதிப்புக்குப் பதிப்பு விலை பெறும் வழி இல்லாதார்க்கு இதுவே புகலாயிற்று. அன்ரெட் செயலியும் பின்னர்க் கைமாறி, 2020-இல் இரண்டாம் பதிப்பில் சந்தாவைக் கைக்கொண்டது. பெயர் அறியாமலே உறவு தொடரும் வகை இது. வாங்குவோர் பலர்க்கு இஃது உவப்பாயிருக்கவில்லை. ஒரு சிறு செயலிக்கு ஆண்டுதோறும் இறுப்பதா என்பது அவர் குறை. அவர் குறை நியாயமற்றதன்று.

அதே ஆண்டு அக்டோபரில், தேடல் முடிவுகளின் மேல் விளம்பரம் இடும் வசதியை ஆப்பிள் அமெரிக்காவில் தொடங்கியது. தம் செயலியின் பெயரையே ஒருவர் தேடினும், முதலிடத்தில் வேறொருவர் விளம்பரம் நிற்றல் கூடும். தம்மைத் தேடி வந்தோரை அடையவும் தனியாக்குநர் பணம் கொடுக்க நேர்ந்தது. 2021 தொடக்கத்தில் ஆண்டு வருவாய் 10 இலட்சம் டாலருக்குட்பட்ட ஆக்குநர்க்கு ஆப்பிள் தன் பங்கினை 15 விழுக்காடாகக் குறைத்தது. அவ்வாண்டு ஜூலையில் கூகுளும் முதல் 10 இலட்சம் டாலருக்கு அவ்வாறே குறைத்தது. இதழ்கள் இக்குறைப்பையே பெரிதும் பேசின. சின்கிளேர் கணக்கினை இப்பங்கால் மீளக் கணக்கிட்டால், 42,000 டாலர் 51,000 டாலராகும். வாழ்வு எளிதாகும், முறை மாறாது.

முறையைத் தொட்ட மாற்றம் 2021-இன் பிற்பகுதியில், பலர் கவனியாத ஓரிடத்தில் நிகழ்ந்தது. அமெரிக்கச் சிற்றாக்குநர் தொடுத்த கேமரன் வழக்கில் ஆப்பிள் 2021 ஆகஸ்டில் இணக்கத்துக்கு வந்தது. 10 கோடி டாலர் நிதி ஒன்று அமைத்தல் அதன் ஒரு பகுதி. மற்றொரு பகுதியே நமக்கு வேண்டுவது: செயலிக்கு வெளியே பணம் செலுத்தும் வழிகளை வாங்குவோர்க்கு மின்னஞ்சல் வாயிலாக ஆக்குநர் தெரிவிக்கலாம். அவ்வாறு தெரிவிக்க முகவரி வேண்டுமன்றோ? ஆகவே அக்டோபரில் ஆப்பிள் தன் விதிநூலில் ஒரு திருத்தம் செய்தது. அதன்படி, செயலிகள் பயன்படுத்துவோரின் பெயரையும் மின்னஞ்சலையும் கேட்கலாம். ஆனால் கொடுப்பது அவர் விருப்பமாதல் வேண்டும். கொடாதார்க்குச் செயலியின் எப்பயனையும் மறுத்தல் கூடாது.

இவ்விதியின் சொற்களையும் 1982-இல் நாஃப் தம் நிரலுக்குள் அமைத்த செய்தியின் கருத்தையும் அருகருகே வைத்து நோக்கினால், இரண்டும் ஏறத்தாழ ஒன்றே எனக் காணலாம். பயன்படுத்துங்கள், விரும்பினால் பெயர் தாருங்கள் என்பதே இரண்டன் சாரமும். முன்னது ஒருவர் தம் அஞ்சற்செலவுக்காக எழுதியது. பின்னது வழக்காடிப் பெற்றது.

எபிக் நிறுவனம் ஆப்பிள் மேல் தொடுத்த பெருவழக்கு 2021 செப்டம்பரில் தீர்ப்புப் பெற்று, வெளிவழிக் கட்டணத்துக்குச் செயலியிலிருந்தே இணைப்பிடுவதனைத் தடுத்தலாகாது என்னும் ஆணைக்கு இடமளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தபின், அவ்வழிச் செல்லும் விற்பனைக்கும் 27 விழுக்காடு வரை ஆப்பிள் கேட்டது. 2025 ஏப்பிரல் 30-இல் நீதிபதி இவான் கொன்சாலஸ் ராஜர்ஸ் அதனை நீதிமன்ற ஆணையை மீறிய செயல் எனத் தீர்த்தார். மேல்முறையீடு அதன்பின்னும் தொடர்ந்தது. இவ்வழக்கு பெருநிறுவனங்கட்கு இடைப்பட்ட பங்குச் சண்டை என்றே பெரும்பாலார் கருதுவர். தனியாக்குநர் நோக்கில் அதன் பொருள் வேறு. வெளிவழியில் பணம் செலுத்துவோர் தம் பெயரை ஆக்குநர்க்கே எழுதுகின்றனர். அங்ஙனம் எழுதியோர் எத்துணையர், அப்பட்டியலைக் கொண்டு தனியாக்குநர் இரண்டாம் முறை விற்க இயன்றதா என்பவை, கணக்குகள் வெளிவருங்கால் தனியே ஆராயத்தக்கவை.